தோட்டா அறைக்குள் அறுபதாயிரம் பவுண்டு

சுடப்பட்ட ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசிவிடாமல், அதைத் துப்புரவாக்கி, அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதிய கேப்பைப் பொருத்தி, எடைபோட்ட வெடிமருந்தைக் கொட்டி, வாயில் புதிய குண்டை அழுத்தி மீண்டும் முழுத் தோட்டாவாக்கிக்கொள்ளும் வேலை, அமெரிக்காவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் வீட்டுப் பட்டறைகளில் செய்துவருவதாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவத்தின் உபரி வெடிமருந்து மலிவாகச் சந்தைக்கு வந்ததும், குண்டுகளையும் கருவிகளையும் செய்யும் நிறுவனங்கள் வளர்ந்ததும் இந்தக் கைநிரப்பு வேலையைப் பரவலான பொழுதுபோக்காக மாற்றின. இந்தியாவில் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே இங்குப் பேசப்படுவது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பட்டறைகளின் கதை. ஆனால் அதன் நடுவில் நிற்கும் கேள்வி இயற்பியலுக்கும் உலோகவியலுக்கும் பொதுவானது: ஒரு விரல் பருமனுள்ள பித்தளைக் கூட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் எழலாம், எவ்வளவுக்கு மேல் எழக்கூடாது, அந்த எல்லையை யார், எப்படி அளந்தார்கள்?

கைநிரப்புப் பட்டறையில் வெடிமருந்தை நிறுக்க நுட்பமான தராசு இருக்கும், கூட்டின் நீளத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் காலிபர் இருக்கும், சுடுமிடத்தில் குண்டின் வேகத்தைக் காட்டும் கருவிகூட இருக்கும். அழுத்தத்தை அளக்கும் கருவி மட்டும் பெரும்பாலும் இருக்காது. அளக்க வேண்டிய பொருள்களிலேயே உயிரோடு நேரடித் தொடர்புள்ள ஒன்று அளக்கப்படாமல் போவதுதான் இந்த வேலையின் அடிப்படை இடர். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரோ அளந்து அச்சிட்டுத் தந்த எண்ணை நம்பித்தான் கைநிரப்பாளர் ஒவ்வொரு தோட்டாவையும் செய்கிறார் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் விதிகள் எல்லாம் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

விசையை இழுத்ததும் ஊசி கேப்பைத் தாக்குகிறது, கேப்பிலிருந்து பாயும் சுடர் மருந்தைப் பற்றவைக்கிறது, மருந்து எரிந்து கொதிக்கும் வாயுவாகிறது, அந்த வாயு குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடியில், அதாவது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், முடிந்துவிடுகின்றன. குண்டு குழலுக்குள் சில சென்டிமீட்டர் மட்டுமே நகர்ந்திருக்கும்போதே அழுத்தம் தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. உலகில் மிகுதியாகப் பயன்படும் தோட்டாக்களில் ஒன்றான .30-06 ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த உச்சத்துக்கு அமெரிக்கத் தரம் விதிக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் சக்கரத்தில் காற்று அடிக்கும்போது பம்ப் காட்டும் எண் முப்பதைச் சற்றுத் தாண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அதைப்போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் எழுந்து அடங்குகிறது என்பது புலப்படும்.

இங்கு வெடிமருந்தின் ஓர் இயல்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1884இல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியெய், மருந்து எரியும் வேகம் அதைச் சூழ்ந்த அழுத்தத்தோடு சேர்ந்து உயர்கிறது என்ற உறவை வகுத்துத் தந்தார். அழுத்தம் ஏற ஏற மருந்து விரைந்து எரிகிறது. விரைந்து எரிவதால் வாயு மேலும் குவிந்து அழுத்தம் இன்னும் ஏறுகிறது. குண்டு முன்னேறி இடம் விரிவது மட்டுமே இந்தச் சுழலைத் தளர்த்துகிறது. அதனால் மருந்தின் அளவை நூற்றுக்கு ஐந்து பங்கு கூட்டினால் குண்டின் வேகம் ஏறத்தாழ அதே விகிதத்திலோ சற்றுக் குறைவாகவோ கூட, அழுத்தமோ அதைப்போல் இருமடங்குக்கும் மேலான விகிதத்தில் எழுகிறது. எல்லைக்கு அருகில் கிடைக்கும் கடைசிச் சில அடி வேகத்துக்குக் கொடுக்கப்படும் விலை மிக அதிகம் என்பதும், இலக்கில் விழும் மானுக்கோ அட்டைக்கோ அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை என்பதும் எல்லோரும் அறியவேண்டியவை.

இந்த அழுத்தத்தை எஃகுக் குழல் தாங்குகிறது என்று பலரும் நினைப்பதுண்டு. பாதி உண்மைதான். தோட்டா இருக்கும் அறையின் சுவரைத் தாங்குவது தடித்த எஃகு. ஆனால் அறையின் பின்வாயை அடைப்பது பித்தளைக் கூடு. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, வாயுவின் அழுத்தத்தில் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்து, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, வெளியே இழுக்க இடம் தருகிறது. அடைப்பும் விடுபடலும் ஒருசேர நடக்க வேண்டும் என்பதால்தான் பித்தளைக்கு மாற்று எளிதில் அமையவில்லை. கூட்டின் தடித்த அடிப்பகுதியில் ஒரு பங்கு மட்டும் எஃகு அறைக்கு வெளியே தாங்கலின்றி நிற்பது உண்டு. அழுத்தம் மிகும்போது முதலில் இடங்கொடுப்பது அந்த இடம். அங்கே பித்தளை பிளந்தால் கொதிக்கும் வாயு, போல்ட் எனப்படும் பூட்டுத்தண்டின் பக்கமாகப் பாய்ந்து, சுடுபவரின் கண்ணையும் கையையும் நோக்கி வருகிறது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ரைபிளைச் சுடுவது எந்தக் காலத்திலும் பொறுக்கத்தக்கதன்று.

எழுகின்ற அழுத்தத்தை அளக்க முயன்றவர்களின் வரலாறு நீண்டது. அமெரிக்க இராணுவ அதிகாரி தாமஸ் ஜாக்சன் ராட்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பீரங்கிச் சுவரில் துளையிட்டு, வாயு தள்ளும் உளி போன்ற முனை செம்புத் தகட்டில் பதிக்கும் வெட்டின் நீளத்தைக் கொண்டு அழுத்தத்தைக் கணித்தார். பிரிட்டனில் ஆண்ட்ரூ நோபில் அதே எண்ணத்தைச் செம்மையாக்கி, வாயு ஒரு பிஸ்டனைத் தள்ள, அந்தப் பிஸ்டன் சிறிய செம்பு உருளையை நசுக்குமாறு அமைத்தார். உருளை எவ்வளவு குறுகியது என்பதிலிருந்து அழுத்தம் படிக்கப்பட்டது. இந்த நசுக்கு அளவி நூறாண்டுக்கும் மேலாகக் கைத்துப்பாக்கி முதல் பீரங்கி வரை எல்லாவற்றுக்கும் அளவுகோலாக இருந்தது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. உருளையை மெதுவாக அழுத்தித் தயாரித்த அட்டவணையோடு, மில்லிவினாடியில் எழுந்து மறையும் அழுத்தத்தின் நசுங்கலை ஒப்பிடுவதால், செம்பு முழுதும் நசுங்குவதற்குள் உச்சம் கடந்துவிடுகிறது. எனவே அது உண்மை உச்சத்தைக் குறைத்தே சொல்கிறது. இதற்கிடையில் பியர், ஷாக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த, அழுத்தினால் மின்னூட்டம் தரும் குவார்ட்ஸ் போன்ற படிகங்களின் பண்பு அளவையியலுக்குள் நுழைந்தது. அத்தகைய படிக உணரி அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் நேரத்தோடு வரைந்து காட்டுகிறது.

இரண்டு முறைகளும் ஒரே தோட்டாவுக்கு வெவ்வேறு எண்களைத் தருவதால் விளைந்த குழப்பம் இன்னும் ஓயவில்லை. .30-06 தோட்டாவின் எல்லை செம்பு முறையில் 50,000; படிக முறையில் 60,000. .308 வின்செஸ்டருக்கு முறையே 52,000, 62,000. முன்னதைச் செம்பு அழுத்த அலகு என்றும் பின்னதைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்க, பழைய ஏடுகள் செம்பு முறை எண்ணையும் பவுண்டு என்றே அச்சிட்டன. பழைய ஏட்டில் ஐம்பதாயிரம், புதிய ஏட்டில் அறுபதாயிரம் என்று படிப்பவர், நடுவில் பத்தாயிரம் பவுண்டு பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது என்று எண்ணி மருந்தைக் கூட்டினால், இல்லாத இடத்தை நிரப்பியவராவார். இரண்டும் ஒரே உடல் எல்லையின் இரு வாசிப்புகளே. ஒன்றிலிருந்து மற்றதைப் பெற எல்லாத் தோட்டாக்களுக்கும் பொருந்தும் வாய்பாடும் கிடையாது.

இந்த எல்லைகளை வகுத்துக் காக்கும் அமைப்புகள் இரண்டு. அமெரிக்காவில் 1926இல் தொடங்கப்பட்ட, துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் நிறுவனமான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. ஒன்று, ஐரோப்பாவில் 1914இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்த சி.ஐ.பி. என்னும் நிலையான சர்வதேச ஆணையம் மற்றொன்று. முதலாவது உற்பத்தியாளர்கள் தாமே ஏற்கும் தரம். இரண்டாவது உறுப்பு நாடுகளில் சட்டமாகவே செயல்படுவது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்ற காலத்திலிருந்தே, விற்பனைக்கு முன் துப்பாக்கியை மிகை மருந்தால் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும் வழக்கம் பிரிட்டனில் வேரூன்றி, 1813இல் பர்மிங்காமிலும் சோதனைச் சாலை எழுந்தது. இன்று சி.ஐ.பி. விதிப்படி ரைபிள்கள் அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு மேற்பட்ட அழுத்தத்தில் சோதிக்கப்படுகின்றன. அந்தச் சோதனையைத் தாண்டிய துப்பாக்கி எப்போதும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள் கொள்வது ஆபத்தான தவறு. சோதனைத் தோட்டா ஓரிரு முறை சுடப்படுவது. அன்றாட மிகை அழுத்தமோ எஃகைச் சிறிது சிறிதாகச் சோர்வடையச் செய்து, பூட்டின் பிடிப்புகளைத் தளர்த்தி, என்றோ ஒருநாள் சாதாரணத் தோட்டாவிலேயே முறியும் நிலைக்குக் கொண்டுபோவது. சோதனை அழுத்தத்துக்கும் அன்றாட எல்லைக்கும் இடையிலான அந்த இருபத்தைந்து பங்கு எஃகுக்கு உரியது, சுடுபவருக்கு உரியதன்று.

எல்லை என்ற எண்ணுக்குள் சராசரியும் புள்ளியியலும் ஒளிந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே தட்டில் நிறுத்த மருந்தை இட்டுச் செய்த பத்துத் தோட்டாக்களும் ஒரே அழுத்தத்தைத் தருவதில்லை. ஆகவே அமெரிக்கத் தரம் பேசுவது சராசரியின் மேல் எல்லையை, சி.ஐ.பி.யோ அதற்கு மேல் எந்த ஒரு தனித் தோட்டாவும் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் தாண்டக்கூடாது என்றும் கட்டுகிறது. சராசரி எல்லையில் நிற்கும்படி மருந்தை அமைப்பவரின் தோட்டாக்களில் பாதி அந்த எண்ணுக்கு மேல்தான் சுடும் என்பது இதன் நேர் விளைவு.

எண்கள் மருந்தின் வலிமையைப் பொறுத்து மட்டும் வகுக்கப்பட்டவை அல்ல. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பலவீனமான துப்பாக்கியையும் பொறுத்தே வகுக்கப்பட்டவை. 1873இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற, மேலே கீல்வைத்துத் திறக்கும் டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கான .45-70 தோட்டாவின் எல்லை இன்றும் 28,000 பவுண்டு மட்டுமே. அதே தோட்டாவைச் சுடும் நவீன ஒற்றைச் சுடு ரைபிள்கள் அதைவிடப் பெருமளவு வலியவை என்பதால் கைநிரப்பு நூல்கள் ஒரே தோட்டாவுக்கு மூன்று வேறு அட்டவணைகளைத் தருகின்றன. எட்டு மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவின் கதையும் இதைப் போன்றது: 1888இல் வந்த ரைபிளின் குழல் சற்று ஒடுங்கியது, 1905இல் வந்த கூர்முனைக் குண்டு அகன்றது, இரண்டும் கலந்துவிடலாம் என்ற அச்சத்தால் அமெரிக்கத் தரம் 35,000 பவுண்டோடு நின்றுவிட, ஐரோப்பியத் தரம் நவீனத் துப்பாக்கியை எண்ணி 3,900 பார் வரை போகிறது. ஒரு எண்ணைக் கண்டவுடன், அது எந்தத் துப்பாக்கியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்று கேட்கத் தெரியாதவர் மருந்தை நிறுக்கவே கூடாது.

துப்பாக்கியின் எஃகே பொய்க்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் சாட்சி. 1917இல் போருக்காக உற்பத்தி பெருகியபோது சில ரைபிள்களின் உடல்கள் சுடும்போது துண்டு துண்டாகச் சிதறின. காரணத்தை ஆராய்ந்தபோது, உடலாகும் எஃகைச் சூடாக்கி உறுதியாக்கும் பணியில், உலையின் வெப்பத்தை அனுபவசாலிகள் கண்ணால், நிறம் பார்த்தே கணித்துவந்தது தெரிந்தது. வெயில் பளிச்சிடும் நாளில் சிவந்த எஃகு மங்கலாகத் தோன்ற, கண் ஏமாந்து இன்னும் சூடேற்றிவிடும்; மூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையில் முந்நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேறுபாடு இருந்ததாக அமெரிக்க இராணுவத்தின் ஜெனரல் ஜூலியன் ஹாட்சர் பதிவு செய்கிறார். மிகையாகச் சூடுபட்ட எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. கூடு பிளந்து வாயு பாய்ந்தபோது வளையாமல் உடைந்தது. 1918இல் வெப்பமானியின் உதவியோடு இருபடிச் சூடாக்கும் முறை வந்த பிறகே குறை நீங்கியது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் வரிசை எண் 8,00,000க்கும், ராக் ஐலண்டின் 2,85,507க்கும் கீழ்ப்பட்டவை இன்றும் சுடத் தகுதியற்றவை என ஒதுக்கப்படுகின்றன. எவ்வளவு கவனமாக நிரப்பிய தோட்டாவும் இத்தகைய துப்பாக்கியைக் காப்பாற்றாது.

1921இல் நடந்த அமெரிக்கத் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் வேறொரு பாடத்தைத் தந்தன. குழலில் குண்டின் மேலுறை உலோகம் படிவதைத் தடுக்கக் குண்டுகளின் மேல் ஓர் உலோகம் பூசப்பட்டது. பூசியது தகரப் பாத்திரங்களில் பயன்படும் வெள்ளீயம். வழக்கப்படி பலர் குண்டைக் கிரீசில் தோய்த்தும் சுட்டனர். வெள்ளீயம் காலப்போக்கில் கூட்டின் கழுத்தோடு பற்றிக்கொண்டது. கிரீசோ கழுத்தைச் சுற்றிய இடைவெளியை நிரப்பி, குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடமில்லாமல் செய்தது. குண்டு நகரத் தாமதித்த கணத்தில் அழுத்தம் கட்டுமீறி எழ, ரைபிள்கள் சிதைந்தன. மருந்து சரியான அளவில்தான் இருந்தது. மாறியது குண்டின் விடுபடல் மட்டுமே.

இதனால்தான் கைநிரப்பு நூலின் அட்டவணையில் மருந்தின் எடையோடு, கூட்டின் உற்பத்தியாளர், கேப்பின் வகை, குண்டின் எடையும் வடிவும், தோட்டாவின் முழு நீளம் என எல்லாம் குறிப்பிடப்படுகின்றன. இராணுவத் தோட்டாவின் கூடு பொதுவாகத் தடித்தது, அதன் உள்ளிடம் குறுகியது; அதே மருந்து அதில் கூடுதல் அழுத்தம் தரும். குண்டு குழலின் வரித்தடத்தைத் தொட்டு நிற்கும்படி வெளியே இழுத்து வைக்கப்பட்டால், ஓடிவந்து நுழையும் வாய்ப்பின்றித் தொடக்கமே தடைபட்டு உச்சம் உயரும். கூட்டைப் பலமுறை பயன்படுத்தி அது நீண்டுவிட்டால், அறையின் வாய் அதன் கழுத்தை நெரிக்க, மேலே சொன்ன 1921இன் நிலைமை சிறிய அளவில் மீண்டும் நிகழும். மருந்தின் பெயரிலும் பொறி இருக்கிறது: ஹெச் 4831, ஐ.எம்.ஆர். 4831 என்ற இரண்டும் எண்ணால் ஒன்றேயாயினும் பின்னது விரைந்து எரிவது. ஒன்றுக்கான அளவை மற்றதில் இடுவது எல்லையைத் தாண்டச் செய்யும். சில்லறையாக விற்கும் மருந்து, பிடிக்குப் பிடி ஒரே வேகத்தில் எரியுமாறு கலந்து தரப்படுவது. தோட்டா ஆலைகள் வாங்கும் மொத்த மருந்தோ அப்படிச் சீராக்கப்படுவதில்லை, ஆலை ஒவ்வொரு தொகுதியையும் அழுத்தக் கருவியில் சுட்டு அளவைத் திருத்திக்கொள்கிறது. ஆலைத் தோட்டாவைப் பிரித்து மருந்தை எடுத்து இன்னொன்றில் இடுவது இதனாலேயே தகாது.

வெப்பத்தின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் வெப்ப நாடுகளுக்கு அது நேரடியாகப் பொருந்தும். இழை வடிவில் பிழியப்பட்ட பிரிட்டிஷ் மருந்தான கார்டைட் (1903இல் நிறுவப்பட்ட நீலகிரியின் அருவங்காட்டு ஆலையிலும் இது செய்யப்பட்டது) சூட்டுக்கு ஏற்ப அழுத்தம் கூடும் இயல்புடையது. இங்கிலாந்தின் குளிரில் சரியாக நடந்த தோட்டா, இந்திய, ஆப்பிரிக்க வெயிலில் கூட்டை அறையோடு இறுக்கிச் சிக்கவைத்தது. யானை, காட்டெருமை வேட்டைக்கு அக்காலத்தில் வந்த நைட்ரோ எக்ஸ்பிரஸ் வகைத் தோட்டாக்கள் மருந்தின் தேவைக்கு மீறிய பெரிய கூடுகளைக் கொண்டிருப்பதற்குக் காரணம், சூட்டிலும் அழுத்தம் அடங்கியிருக்கட்டும் என்பதே. இன்றைய மருந்துகள் இதில் முன்னேறிவிட்டன. எனினும் குளிர்கால அதிகாலையில் எல்லைவரை ஏற்றிச் சோதித்துச் சரியென்று கண்ட அளவை, கோடை நண்பகலில், அதுவும் பூட்டிய காருக்குள் வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்துச் சுடுவது எல்லைக்கு அப்பால் சுடுவதாகலாம்.

பட்டறையில் அழுத்தக் கருவி இல்லாததால், சுட்ட கூட்டை வாசித்து அழுத்தத்தை ஊகிக்கும் பழக்கம் தலைமுறைகளாக உண்டு. கேப்பின் விளிம்பு தட்டையாகி அதன் பள்ளத்தை நிரப்புதல், ஊசி பட்ட இடத்தைச் சுற்றிப் பித்தளை மேடு எழுதல், கூட்டின் அடியில் வெளித்தள்ளியின் வட்டம் பளபளப்பாகப் பதிதல், போல்ட்டைத் தூக்கக் கை கடினப்படுதல், அடுத்த முறை கேப் பள்ளத்தில் தளர்ந்து அமர்தல் ஆகியவை சொல்லப்படும் அறிகுறிகள். இவற்றில் ஏதேனும் தோன்றினால் நிறுத்தியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை தோன்றாதது பாதுகாப்புக்கு உறுதியாகாது. மெல்லிய கேப் எல்லைக்குள்ளேயே தட்டையாகும், தடித்தது எல்லையைக் கடந்தும் உருண்டே நிற்கும். வலிய நவீன ரைபிளில் போல்ட் இறுகும் நேரத்தில் எல்லை ஏற்கெனவே பின்னால் போயிருக்கும். டிராப்டோர் போன்ற 28,000 பவுண்டுத் துப்பாக்கியில் பித்தளை எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும்போதே எஃகு உடைந்துவிடக்கூடும், ஏனெனில் அங்கே பித்தளை எஃகைவிட உறுதியான உறுப்பு. நூல் குறிப்பிடும் வேகத்தைவிடக் கணிசமான வேகம் கருவியில் தெரிந்தால், அது அறிகுறிகளைவிட நம்பத்தக்க எச்சரிக்கை. கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தமின்றி வருவதில்லை.

வலிய நவீனத் துப்பாக்கிகளில் பித்தளைதான் எல்லை என்பதை அண்மையில் வந்த .277 ஃபியூரி தோட்டா தெளிவாக்கியது. அதன் எல்லை 80,000 பவுண்டு. அந்த அழுத்தத்தைத் தாங்க, முழுப் பித்தளைக் கூட்டைக் கைவிட்டு, அடிப்பகுதியைத் துருப்பிடிக்காத எஃகாலும் உடலைப் பித்தளையாலும் செய்து இணைக்க வேண்டியிருந்தது.

வீட்டுப் பட்டறைக்கு எஞ்சுவது பழைய, பொறுமையான வழிதான். சமீபத்திய நூலில், கையில் உள்ள அதே உறுப்புகளுக்குச் சொல்லப்பட்ட தொடக்க அளவிலிருந்து, அதாவது உச்ச அளவுக்குப் பொதுவாகப் பத்து விழுக்காடு கீழிருந்து, சிறு படிகளாக ஏறுவது. ஒவ்வொரு படியிலும் சில தோட்டாக்களை மட்டுமே செய்து, வேகத்தையும் கூட்டையும் பார்ப்பது. உறுப்புகளில் ஒன்று மாறினாலும், மருந்துக் குப்பியின் தொகுதி எண் மாறினாலும், மீண்டும் கீழே இறங்கித் தொடங்குவது. மெதுவாக எரியும் மருந்தைத் தொடக்க அளவுக்கும் கீழே குறைப்பதும் கூடாது. கூட்டில் காலியிடம் மிகுந்தால் மருந்து ஒழுங்கற்றுப் பற்றி எதிர்பாராத மிகை அழுத்தம் எழுந்த நிகழ்வுகள் உண்டு, அதன் துல்லியமான காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு கூட்டில் அறிகுறி தெரிந்தால், அதே அளவில் நிரப்பி வைத்த மீதித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்காமல், குண்டு பிடுங்கும் சுத்தியில் இட்டுத் தட்டி ஒவ்வொன்றையும் பிரித்து, மருந்தைப் பெயரெழுதிய அதன் குப்பிக்கே திருப்பிவிட வேண்டும்.